பொருள் வரைந்த பெருந்தகை சேட் ஜம்னாலால் பஜாஜ்

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக வைக்கப்பட்டது பரிகிரக பரிமாணம். தமிழ்ச் சமணப் பெரியோர் இதனைப் பொருள் வரைதல் என்று வழங்கினர். துறவியர் பொருளை முற்றும் நீத்தவர். இல்லறத்தார் நேர்மையான வழியில் ஈட்டலாம், குடும்பத்தைப் பேணலாம், தொழிலை வளர்க்கலாம். ஆயினும் தமக்கு இவ்வளவு போதும் என்று ஓர் எல்லையைத் தாமே வகுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டதை அறத்தின்பால் செலுத்துதல் அவர்தம் கடமையாகும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விரதம் கடைப்பிடித்தற்கு மிக அரியது. செல்வம் பெருகும்தோறும் அவ்வெல்லையும் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே போவது உலகியல்பு.

அவ்வெல்லை நகராமல் காத்துக்கொண்ட வணிகப் பெருமகன் ஒருவரின் வாழ்க்கையை இத்திருநாளில் நினைவுகூர்தல் தகும். சேட் ஜம்னாலால் பஜாஜ் வைணவ அகர்வால் குடும்பத்தில் பிறந்தவர். பிறப்பால் நம் சமயத்தவர் அல்லர். எனினும் அவர் தம் வழிகாட்டியாகக் கொண்ட காந்தியடிகள், சைன ஞானியாகிய ஸ்ரீமத் ராஜசந்திரரைத் தம் ஆன்மிக வாழ்வுக்குத் துணைநின்ற பெரியோருள் ஒருவராகப் போற்றியவர். அபரிக்கிரகத்தைத் தம் ஆசிரம விரதங்களுள் ஒன்றாக வைத்தவர். அவ்வாற்றால் நம் அறநெறியின் ஒளி ஜம்னாலாலின் வாழ்விலும் படர்ந்தது எனலாம். ஊர்களுக்கு உதவ விழையும் செல்வர்கள் எவ்வாறு ஈதல் வேண்டும், எவ்வாறு அவ்வூர்களுக்குள் நுழைதல் வேண்டும் என்பதற்கு அவ்வாழ்வு நல்லதோர் எடுத்துக்காட்டு.

கிணறு ஒன்றே கைம்மாறு

இராஜஸ்தானத்துச் சிகார் பகுதியில் காசி-கா-பாஸ் என்னும் சிற்றூர் உள்ளது. மணலும் வறட்சியும் மிகுந்த அவ்வூரில் 1889ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் கனிராம், பிர்திபாய் என்பார்க்கு மகனாகப் பிறந்தார் ஜம்னாலால். எளிய குடும்பம். அந்நாளில் அப்பகுதியிலிருந்து வணிகத்தின்பொருட்டு மத்திய மாகாணத்து வார்தா நகரில் குடியேறிச் செல்வராய் விளங்கியவர் சேட் பச்சராஜ். அவருடைய வளர்ப்பு மகன் இளமையிலேயே இறந்துவிட்டமையால் குடிக்குப் பெயர் சொல்ல ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்த இடத்தில் சிறுவன் ஜம்னாலாலைக் கண்டு விரும்பித் தமக்குப் பேரனாகத் தருமாறு வேண்டினார்.

கனிராம் மகனைத் தர இசைந்தார். ஆனால் அதற்கு ஈடாகப் பொருள் பெற அவர் மனம் ஒப்பவில்லை. பச்சராஜ் வற்புறுத்தியபோது, ஊர் மக்கள் அனைவர்க்கும் பயன்படும் வகையில் குடிநீர்க் கிணறு ஒன்று வெட்டப்படுவதற்கு மட்டும் அவர் உடன்பட்டதாக வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் கூறுவர். நீருக்கு மக்கள் பெருந்துயர் உற்ற மண் அது. வறுமையில் வாழ்ந்த தந்தை தமக்கென ஒரு காசும் கொள்ளாது ஊருக்கு நீர் பெற்றுத் தந்தார். அறம் என்பது செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதை அக்கிணறு உணர்த்தியது. 1894இல், ஐந்தாம் வயதில், ஜம்னாலால் வார்தாவுக்கு வந்து சேர்ந்தார்.

செல்வத்தைத் துறந்து பெற்றவர்

வார்தாவில் அவர் கற்ற பள்ளிக்கல்வி நான்கு வகுப்பளவே. கணக்கும் கடைத்தொழிலுமே பிற பாடங்களாயின. பதின்மூன்றாம் வயதளவில் ஜானகிதேவியோடு திருமணம் நடந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தும் ஆடம்பரம் அவருக்கு உவப்பளிக்கவில்லை.

பதினேழாம் வயதில் ஒரு நிகழ்ச்சி. உறவினர் திருமணம் ஒன்றுக்கு மணிகள் பதித்த அணிகலன்களைப் பூண்டு வருமாறு பச்சராஜ் பணித்தார். இளைஞர் மறுத்தார். முதியவர் சினந்து, தம் செல்வத்தைச் சுட்டிக் கடுஞ்சொல் கூறினார். ஜம்னாலால் அச்செல்வத்தின்மீது தமக்கு எவ்வுரிமையும் வேண்டா என்று பணிவோடு எழுதி வைத்துவிட்டு, உடுத்த உடையோடு வீட்டை நீங்கினார். கடிதத்தில் வசைமொழி ஒன்றும் இல்லை. பிள்ளையின் உள்ளத்தை உணர்ந்த பச்சராஜ் வருந்தி, ஆளனுப்பி, அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 1907இல் பச்சராஜ் மறைந்தபின் சொத்து முழுவதும் ஜம்னாலாலிடமே வந்தது.

ஒருமுறை மனமாரத் துறந்த பொருள் மீண்டும் கைக்கு வந்தால் அதனை எவ்வாறு கருதுவது? அது தம்முடையது அன்று. பிறர் பொருட்டுத் தாம் காவல் புரியும் பொருள் என்றே ஜம்னாலால் எண்ணினார். அறங்காவல் என்னும் கோட்பாட்டைக் காந்தியடிகள் பின்னாளில் விரித்துரைத்தபோது, இந்த வணிகர் அதனைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. வணிகத்தை அவர் கைவிடவில்லை. பருத்தித் தொழிலிலும் சர்க்கரைத் தொழிலிலும் நிறுவனங்களை வளர்த்தார். வாய்மை தவறாத வணிகம் என்பதில் உறுதியாக நின்றார். ஈட்டும் வழி தூயதாக இல்லையெனில் ஈகையும் தூயதாகாது என்னும் நம் முன்னோர் கொள்கை அவரிடம் விளங்கியது.

ஐந்தாம் மகன்

1915இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பினார். ஜம்னாலால் பலமுறை ஆசிரமத்துக்குச் சென்று, அங்கே சொல்லும் செயலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை அருகிருந்து கண்டார். நன்கு ஆராய்ந்து தெளிந்த பின்னரே தம்மை ஒப்படைத்தார். 1920ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் வரவேற்புக் குழுத் தலைவர். அவ்வமயத்தில் தம்மை ஐந்தாம் மகனாக ஏற்க வேண்டும் என்று காந்தியடிகளிடம் வேண்டினார். நான்கு ஆண்மக்களைப் பெற்றிருந்த அடிகள் அவ்வேண்டுகோளை ஏற்றார். ஐந்து வயதில் தத்துக் கொடுக்கப்பட்டவர், முப்பத்தொன்றாம் வயதில் தந்தையொருவரைத் தாமே தேர்ந்து தத்தாகச் சென்றார்.

அதன்பின் மாற்றங்கள் விரைந்து நிகழ்ந்தன. ஆங்கில அரசு அளித்திருந்த ராய் பகதூர் பட்டத்தைத் திருப்பியளித்தார். வீட்டிலிருந்த அயல்நாட்டுத் துணிகள் தீயிடப்பட்டன. ஜானகிதேவி பொன்னணிகளையும் முகத்திரையையும் துறந்தார். 1921இல் வார்தாவில் ஆசிரமம் நிறுவப்பட, அதனை நடத்த வினோபா வந்தார். வயதில் தம்மினும் இளையரான வினோபாவை ஜம்னாலால் ஆசானாகவே மதித்தார். 1923இல் நாகபுரிக் கொடிப் போராட்டத்தில் சிறை சென்றார். நெடுங்காலம் காங்கிரசின் பொருளாளராக இருந்து பொதுப்பணத்துக்குக் கண்டிப்பான கணக்கு வைத்தார். மகள் கமலாவின் திருமணத்தை 1926இல் சபர்மதி ஆசிரமத்திலேயே ஆரவாரமின்றி நடத்தினார். திருமணச் செலவால் குடும்பங்கள் நலிந்துவந்த வணிகச் சமூகத்துக்கு அது ஒரு பாடமாயிற்று.

1928ஆம் ஆண்டு ஜூலையில், தம் குடும்பம் வார்தாவில் எழுப்பிய இலட்சுமிநாராயணர் கோயிலைத் தாழ்த்தப்பட்டோர் அனைவர்க்கும் திறந்துவிட்டார். உறவினரும் சமூகத்தாரும் கடிந்துரைத்தனர். அவர் அசையவில்லை. கோயிலோடு நில்லாமல் பொதுக் கிணறுகளும் எல்லார்க்கும் உரியனவாதல் வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று உழைத்தார். தந்தை ஊருக்கென்று பெற்றுத் தந்த நீரில் ஊரார் அனைவர்க்கும் பங்கு உண்டு என்னும் எண்ணம் மகனிடத்தில் இவ்வாறு முதிர்ந்தது.

மகன்வாடியும் ஒரு தமிழரும்

விடுதலை பெறும்வரை சபர்மதிக்குத் திரும்புவதில்லை என்ற உறுதியோடு 1930இல் தண்டிக்குப் புறப்பட்டவர் காந்தியடிகள். அவரை வார்தாவுக்கு அழைத்து இருத்தியவர் ஜம்னாலால். 1934ஆம் ஆண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தோன்றியபோது, தம் தோட்டத்தையும் அதிலிருந்த கட்டடத்தையும் அவர் அதற்கு வழங்கினார். அது வழங்கியவர் பெயரால் அழைக்கப்படவில்லை. கதர்ப் பணியில் உயிரைத் தேய்த்து மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி எனப் பெயர் பெற்றது.

அச்சங்கத்தைச் செயலாளராயிருந்து நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த தமிழர் ஜே. சி. குமரப்பா. மேனாட்டில் பொருளியலும் கணக்கியலும் கற்றுத் திரும்பிய அவர், மகன்வாடியில் செக்கெண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றை ஆராய்ந்து சிற்றூர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1938ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அங்கே மகன் சங்கிரகாலயம் என்னும் கைத்தொழிற் காட்சியகத்தைக் காந்தியடிகள் திறந்துவைத்தார். பிற்காலத்தில் குமரப்பா மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் தங்கித் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். வார்தாவில் மூட்டிய விளக்கின் சுடர் தமிழ்நாட்டுச் சிற்றூர்க்கும் இவ்வாறு வந்து சேர்ந்தது.

மகன்வாடியின் அனுபவம் இனிமையாக மட்டும் இருக்கவில்லை. அருகிலிருந்த சிந்தி என்னும் சிற்றூருக்கு மகாதேவ தேசாய் முதலிய தொண்டர்கள் நாள்தோறும் சென்று தெருக்களில் கிடந்த மலத்தை அகற்றித் தூய்மை செய்தனர். ஊரார் நன்றி பாராட்டவில்லை. தெருவை முன்போலவே அசுத்தப்படுத்திவந்தனர். இவர்கள் இதற்கென வந்த ஆட்கள் என்பது அவர்கள் எண்ணம். வெளியிலிருந்து வந்து செய்யும் நன்மை ஊராரின் உள்ளத்தில் வேர் பிடிக்க நெடுங்காலம் ஆகும் என்பதைத் தொண்டர்கள் உணர்ந்தனர். பணத்தால் நிலம் வாங்கலாம், கட்டடம் எழுப்பலாம். ஒரு தெருவின் வழக்கத்தை மாற்ற முடியாது. ஊரோடு வாழ்ந்தாலன்றி ஊரை அறிய இயலாது என்னும் முடிவுக்குக் காந்தியடிகள் வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

தம் ஊரிலேயே விருந்தினர்

வார்தாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ ஐந்து கல் தொலைவில் சேகாவ் என்னும் சிற்றூர். அவ்வூர் நிலவுரிமையின் பெரும்பகுதி ஜம்னாலாலுக்கு உரியது. மக்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர். நல்ல சாலை இல்லை. மழைக்காலத்தில் சேறும் பாம்பும் கொசுவும் மிகுதி. காந்தியடிகள் அங்கே குடியேறப்போவதாக அறிவித்தபோது ஜம்னாலால் அஞ்சினார். அடிகளின் உடல்நலம் அவ்விடத்துக்குத் தாங்காது என்று தடுத்துப் பார்த்தார். பயனில்லை. 1936ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அடிகள் அவ்வூரை அடைந்தார்.

இங்கேதான் ஜம்னாலாலின் பொறுமை பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. அவர் விரும்பியிருந்தால் நல்ல மாளிகை ஒன்றைச் சில திங்களில் எழுப்பியிருக்க முடியும். காந்தியடிகள் அதற்கு இசையவில்லை. உள்ளூரில் கிடைக்கும் மண்ணும் மூங்கிலும் மரமும் கொண்டு, உள்ளூர் ஆட்களின் உழைப்பால் குறைந்த செலவில் குடிசை அமைதல் வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. கொடுக்க மனமும் பொருளும் நிறைந்த ஒருவருக்குக் குறைவாகக் கொடுங்கள் என்று கட்டளையிடுவது எளிதன்று. அதனை ஏற்பது அதனினும் அரிது. ஜம்னாலால் ஏற்றார். அவ்வாண்டிலேயே அடிகள் மலேரியாவால் நோயுற்று வார்தா மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். தம் அச்சம் மெய்யாயிற்று என்று ஜம்னாலால் அடிகளின் முடிவை மாற்ற முனையவில்லை. உடல் தேறியதும் அடிகள் ஊர் திரும்பினார். நில உரிமையாளராக அவ்வூர்க்குள் செல்ல உரிமை பெற்றிருந்தவர், அங்கே தொண்டருள் ஒருவராக, ஒரு விருந்தினராகச் சென்றுவரத் தொடங்கினார்.

சேகாவ் என்னும் பெயரைப் போன்றே ஒலிக்கும் வேறோர் ஊர் இருப்புப்பாதையில் இருந்தமையால் கடிதங்கள் தவறிப் போயின. எனவே 1940இல் அதற்குச் சேவாகிராமம் என்று பெயர் சூட்டப்பட்டது. தொண்டின் பெயரே அவ்வூருக்கு நிலைத்தது.

காண வந்தோர்

காந்தியடிகள் வாழும் ஊரைக் காண நாடெங்கிலும் இருந்து மக்கள் வந்தனர். கடல் கடந்தும் வந்தனர். தலைவர்கள், மாணவர், செய்தியாளர், நன்கொடையாளர் என வந்தோர் பலதிறத்தார். அவர்கள் வார்தா புகைவண்டி நிலையத்தில் இறங்கியதும் ஜம்னாலாலின் விருந்தினர் இல்லமாகிய பஜாஜ்வாடி அவர்களை ஏற்றது. காங்கிரஸ் செயற்குழு அங்கே பலமுறை கூடிற்று. நேரு, பட்டேல், ஆசாத், ராஜாஜி ஆகியோர் அங்கே தங்கினர். எத்துணைப் பெரியோர் ஆயினும் எளிய சைவ உணவும் எளிய படுக்கையுமே அவ்வில்லத்தின் முறை. அவரவர் உடல்நிலைக்கும் வழக்கத்துக்கும் ஏற்றதை மட்டும் ஜம்னாலால் தாமே கேட்டறிந்து குறைவின்றிச் செய்தார்.

வார்தாவிலிருந்து சேவாகிராமம் செல்ல மாட்டுவண்டியே பெரும்பாலும் துணை. பழைய ஃபோர்டு மோட்டார் வண்டியின் உடலில் காளைகளைப் பூட்டி ஜம்னாலால் ஓர் ஊர்தி அமைத்திருந்தார். காளையும் ஃபோர்டும் இணைந்த அதனை ஆக்ஸ்ஃபோர்டு என்று வேடிக்கையாக அழைத்தனர். மேனாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்றோரும் அவ்வண்டியில் குலுங்கியபடி சிற்றூருக்குச் சென்றனர். 1938ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலப் பிரபு லோதியன் சேவாகிராமத்துக் குடிசையிலேயே சில நாள் தங்கினார். வந்தோர் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் செல்வதை மட்டும் ஆசிரமம் விரும்பவில்லை. நூற்றல், காய் நறுக்கல், துப்புரவு என ஏதேனும் ஒரு பணியில் அவர்களும் பங்கு கொண்டனர். கொடுக்க வந்தவர்கள் கற்றுக்கொண்டு திரும்பினர்.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23ஆம் நாள்களில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. ஜம்னாலால் பேணி வளர்த்த மார்வாடிக் கல்விக் கழகத்தின் விழாவை ஒட்டி அது நிகழ்ந்தது. கைத்தொழில் வழியாகக் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டம் அங்கே உருவாயிற்று. அதனைச் சேவாகிராமத்தில் நடத்தியவர் யாழ்ப்பாணத்துத் தமிழராகிய ஆரியநாயகம், அவர் துணைவியார் ஆஷாதேவி. நான்கு வகுப்பளவே கற்ற வணிகர் ஒருவரின் ஆதரவில் நாட்டின் கல்விக்குப் புதுவழி பிறந்தது. ஞான தானம் என்று நம் மரபு போற்றுவது இதுவே.

இறுதிப் பணி

1941இல் தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, உடல் நலிவால் விடுதலை பெற்றார். எஞ்சிய வாழ்நாளை எந்த ஒரு பணிக்கு ஈடுபடுத்துவது என்று ஆராய்ந்து, வாயில்லா உயிர்களின் தொண்டைத் தேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கோசேவா சங்கம் தோன்றியது. வார்தாவுக்கு அருகே கோபுரி என்னும் இடத்தில் குடிசை அமைத்து அங்கே வாழலானார். நிறுவனங்கள் பலவற்றின் தலைவர் பசுக்களின் அருகே மண்குடிசையில் உறங்கினார். பிள்ளைப் பருவத்தில் எழுதிவைத்த துறவுக் கடிதத்தின் பொருள் அப்போது முழுமையுற்றது எனலாம்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் மூளையில் குருதிக் கசிவு ஏற்பட்டுத் திடுமென உயிர் நீத்தார். அகவை ஐம்பத்திரண்டே. சேவாகிராமத்திலிருந்து விரைந்து வந்த காந்தியடிகள் ஆற்றொணாத் துயருற்றார். சில நாள்களில் அன்பர்களைக் கூட்டி, மறைந்தவர் விட்டுச்சென்ற பணிகளை யார் யார் ஏற்பது என்று பகுத்தளித்தார். ஜானகிதேவி தமக்கென இருந்த செல்வத்தைக் கோசேவைக்கு ஈந்தார். பின்னாளில் வினோபாவின் பூதான இயக்கத்தில் அவ்வம்மையார் கூபதானத்தைத் தம் பணியாகக் கொண்டார். நீரற்ற ஊர்களுக்குக் கிணறு வெட்டப் பொருள் திரட்டித் தருவது அது. 1956இல் அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது. காசி-கா-பாஸ் ஊரில் தொடங்கிய அறம் இவ்வாறு மருமகள் கையால் பல ஊர்களை அடைந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

இன்று நம் சமூகத்தார் பலர் சிற்றூர்களைத் தத்தெடுத்துப் பள்ளி, மருத்துவமனை, குடிநீர் முதலியவற்றுக்கு வழங்கி வருகின்றனர். வழங்கிய ஊர்களைக் குடும்பத்தோடு சென்று காண்பதும் பெருகிவருகிறது. இது மகிழத்தக்கது. அங்ஙனம் செல்லும்போது ஜம்னாலாலின் வாழ்வை உடன் கொண்டு செல்வோமாக. ஊரார் மாலையோடு நமக்காக வெயிலில் காத்திருக்கும்படி செய்யாதிருப்போம். கல்வெட்டில் நம் பெயர் எவ்வளவு பெரிதாக உள்ளது என்று நோக்குவதற்கு முன், நாம் தந்த கிணற்றில் அவ்வூரின் கடைசித் தெருவினரும் நீர் எடுக்கின்றனரா என்று நோக்குவோம். ஊரார் வேண்டா என்பதை நம் விருப்பத்துக்காகத் திணிக்காதிருப்போம். சிந்தியில் நிகழ்ந்ததுபோல் உடனே நன்றியும் பயனும் காணாவிடினும் மனம் தளராது மீண்டும் செல்வோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வந்தபின் நம் வீட்டுக் கணக்கேட்டை ஒருமுறை திறந்து, நமக்கு எவ்வளவு போதும் என்று எழுதிக்கொள்வோம். பொருள் வரைதல் என்னும் விரதம் அவ்வரியிலேயே தொடங்குகிறது. பகவான் மகாவீரர் அருளிய அந்நெறி நம் இல்லங்களில் தழைக்கட்டும். அதன் பயன் நம் நாட்டுச் சிற்றூர்களைச் சென்று சேரட்டும்.